பத்து பவுண்டு வீடு

போன குளிர்காலத்தில் எங்கள் படுக்கையறைச் சுவரில் கறுப்பாக ஒரு தேசம் முளைத்தது. முதலில் துணி அலமாரிக்குப் பின்னால் சின்னத் தீவு மாதிரிதான் இருந்தது. ஜனவரிக்குள் கண்டமாகிவிட்டது. பூஞ்சை. பிளீச் போட்டுத் துடைத்தால் ஒரு வாரம் ஒளிந்துகொண்டு, அடுத்த வாரம் சொந்தக்காரர்களோடு திரும்பி வரும். அதே சமயத்தில் எங்கள் பாப்பாவுக்கு (ரெண்டரை வயசு) ராத்திரியானால் இருமல். இது ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி மூணு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்தபடி நடக்கிற அப்பனுக்கு உறுதியெல்லாம் தேவையில்லை.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் தென்கோடியில், பிரைட்டனுக்குப் பக்கத்தில். பொட்டி தட்டும் வேலை இழுத்து வந்த இடம். வாடகை வீடு. நூறு வருஷம் தாண்டிய செங்கல் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசையில் ஒன்று. குளிர் வருவதற்கு முன்னாலேயே நான் ஒரு நல்ல காரியம் செய்தேன் (என்று நினைத்தேன்). வீட்டுக்குள் காற்று வருகிற ஓட்டை எல்லாவற்றையும் தேடித் தேடி அடைத்தேன். ஜன்னல் சட்ட இடுக்குகளில் சிலிக்கான். புகைபோக்கிக்குள் பழைய தலையணை. வெளிச்சுவரில், தரையை ஒட்டி, ஓட்டை போட்ட செங்கல்கள் சில இருந்தன. அவற்றுக்குள் செய்தித்தாளைத் திணித்து, மேலே நுரை பீய்ச்சி மூடினேன். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, படுக்கையறைக்கு ஈரத்துணியால் துடைக்கக்கூடிய பளபள வினைல் பெயின்டும் அடித்தேன். தங்கமணி கூடப் பாராட்டினாள். எங்க டமேஜர் இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட அப்படிப் பாராட்டியதில்லை.

டிசம்பரில் பூஞ்சை. வீட்டுக்காரருக்கு நாலு கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்: ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெளியே உறைபனி, இந்த மனுஷன் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார்! ஐந்தாவது கடிதத்தை மார்ச் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். பதினோரு புகைப்படம், தேதி வாரியாகப் பட்டியல், கடைசிப் பத்தியில் நகராட்சிக்குப் போவேன் என்று ஒரு மிரட்டல். திங்கட்கிழமை அனுப்பலாம் என்று சேமித்து வைத்தேன்.

இடையில் ஒரு சனிக்கிழமை வந்தது. வெயிலும் வந்தது. "இந்தச் சுவரையே பார்த்துக்கிட்டு இருந்தா பைத்தியம் பிடிச்சிடும், எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்றாள் தங்கமணி. அப்படிப் போன ஊர்தான் ஆல்ஃபிரிஸ்டன்.

கிழக்கு சசெக்ஸில் கக்மியர் ஆற்றங்கரையில் இருக்கும் கிராமம். சவுத் டவுன்ஸ் என்கிற சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு. குறுகலான ஒரு தெரு, அதற்குப் பின்னால் பெரிய புல்வெளி, புல்வெளியில் 14ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். தேவாலயத்தை ஒட்டி, தலைமுடியை நெற்றி வரை இழுத்துவிட்ட பாட்டி மாதிரி ஒரு கூரை வீடு. ஆல்ஃபிரிஸ்டன் கிளெர்ஜி ஹவுஸ். பாதிரியார் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வயசு ஏறத்தாழ 600.

நேராக நிற்கிற கோடு அந்த வீட்டில் ஒன்று கூட இல்லை. உத்திரம் வளைந்திருக்கிறது, வாசல் நிலை சாய்ந்திருக்கிறது, கூரை முகடு லேசாகத் தொய்ந்திருக்கிறது. வாசலில் குனிய மறந்து நெற்றியில் வாங்கினேன். பாப்பாவுக்கு அன்றைக்கு அதுதான் பெரிய வேடிக்கை.

இந்த வகை வீட்டுக்கு வீல்டன் வீடு என்று பெயர். வீல்ட் என்பது கென்ட், சசெக்ஸ் பகுதியில் ஒரு காலத்தில் அடர்ந்த ஓக் காடாக இருந்த பிரதேசம். 1348-49இல் கொள்ளைநோய் வந்து இங்கிலாந்து ஜனத்தொகையில் பெரும் பங்கை அள்ளிக்கொண்டு போனது. பிழைத்தவர்களின் உழைப்புக்கு மதிப்பு கூடியது, நிலம் சுலபமாகக் கிடைத்தது. பிரபு அல்லாத, ஆனால் நாலு காசு பார்த்த விவசாயிகள் என்று ஒரு வர்க்கம் தலையெடுத்தது. அவர்கள் கட்டிக்கொண்ட வீடுகள் இவை. இதையும் அப்படி ஒரு வசதியான விவசாயிக்காகக் கட்டியதாகத்தான் கருதுகிறார்கள். பிறகுதான் தேவாலயத்தின் கைக்கு வந்து, பாதிரியார் வீடு ஆனது.

அமைப்பு சுலபம். நடுவில் பெரிய கூடம். தரையிலிருந்து கூரை முகடு வரை தடுப்பே இல்லாமல் திறந்தது. அதன் இரண்டு பக்கமும் மாடி வைத்த அறைகள். ஒரு பக்கம் எஜமானர் குடும்பத்துக்கு. இன்னொரு பக்கம் கீழே ரெண்டு சின்ன அறை: பேன்ட்ரி, பட்டரி. பேன்ட்ரி ரொட்டிக்கு. பட்டரி என்றதும் நான் வெண்ணெய் என்று நினைத்துவிட்டேன். இல்லையாம், பீப்பாய் வைக்கிற அறை. வெண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, உள்ளே இருந்தது பீர் :-)

இரண்டு பக்கத்து மாடிகளும் முன்பக்கம் ஒரு முழம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். நடுக்கூடத்தின் சுவர் மட்டும் உள்வாங்கியிருக்கும். ஆனால் மேலே கூரை ஒன்றே ஒன்றுதான். அதனால் நடுவில் கூரையின் விளிம்பு அந்தரத்தில் வரும். அதைத் தாங்க இரண்டு பக்கத்திலிருந்தும் வில் மாதிரி வளைந்த கட்டைகள். வீல்டன் வீட்டைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க இந்த ஓர் அடையாளம் போதும்.

இதையெல்லாம் எப்படி நிறுத்தினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மரம் வெட்டி, காயவைக்காமல், பச்சை ஓக்கிலேயே வேலை செய்வார்கள். காய்ந்த ஓக் இரும்பு மாதிரி, உளி இறங்காது. தச்சர் தன்னுடைய பட்டறையிலேயே சட்டங்களை அறுத்து, தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு இணைப்பிலும் ரோமன் எண் மாதிரி ஒரு குறி வெட்டுவார். அப்புறம் எல்லாவற்றையும் கழற்றி, வண்டியில் ஏற்றி, மனையில் குறி பார்த்து மறுபடி பூட்டுவார். நம்ம ஆட்கள் சோதனை சர்வரில் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்பால கஸ்டமர் இடத்தில் ஏற்றுகிற கதைதான். 600 வருஷத்துக்கு முன்னாடியே.

ஒரு கட்டையில் செவ்வகத் துளை, இன்னொரு கட்டையின் முனையில் அதற்கேற்ற நாக்கு. நாக்கைத் துளைக்குள் செருகி, குறுக்கே ஓக் முளை அடிப்பார்கள். இதில் ஒரு கில்லாடித்தனம் இருக்கிறது. நாக்கில் போடும் ஓட்டையையும் துளைக்கட்டையில் போடும் ஓட்டையையும் வேண்டுமென்றே துளியூண்டு விலக்கிப் போடுவார்கள். முளையை அடிக்க அடிக்க அது நாக்கை உள்ளே இழுத்து இறுக்கும். பிறகு வருஷக்கணக்கில் சட்டம் காயும், சுருங்கும், முறுக்கும். இணைப்பு இன்னும் கெட்டிப்படும். வளைந்து நெளிந்திருப்பது வீடு நொடித்துப்போனதால் அல்ல. அது செட்டில் ஆன விதமே அப்படி. அந்தச் சட்டக்கூட்டை மாட்டியிருப்பதெல்லாம் மர முளைதான். ஆபீஸில் தினம் இவ்வளவு ஆணி பிடுங்குகிற எனக்கு, ஆணியே இல்லாமல் நிற்கிற சட்டத்தைப் பார்த்ததும் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

சட்டங்களுக்கு நடுவே இருக்கும் சுவர் நமக்குத் தெரிந்த சரக்கு. குச்சிகளைப் படல் மாதிரிப் பின்னி, இரண்டு பக்கமும் களிமண், நறுக்கின வைக்கோல், சாணி குழைத்து அப்புவது. மேலே சுண்ணாம்பு. கூடத்துத் தரை இன்னும் விசேஷம். குன்றிலிருந்து வெட்டிய சுண்ணாம்புக்கல்லை இடித்துக் கெட்டித்து, மேலே புளித்த பால் ஊற்றி மெழுகியிருக்கிறார்கள். பாப்பா அதன் மேல் உட்கார்ந்து கையால் தட்டிப் பார்த்தாள். நல்ல சத்தம்.

கூடத்தில் ஒரு பாட்டியம்மா வழிகாட்டியாக உட்கார்ந்திருந்தார். சம்பளம் வாங்காத தொண்டர். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "கட்டினப்போ இங்கே புகைபோக்கி எங்கே இருந்தது?" என்று கேட்டேன்.

"இருக்கவில்லை" என்றார்.

இந்த மாதிரி வீடுகளில் கூடத்தின் நட்டநடுவில், தரையிலேயே நெருப்பு மூட்டுவார்களாம். புகை மேலே ஏறி, கூரைக்குள் திரிந்து, விளிம்பு வழியாகவும் இடுக்கு வழியாகவும் அதுவாகவே வெளியேறும். ஜன்னலில் கண்ணாடி கிடையாது, செங்குத்தான மரக்கம்பிகளும் மூடிக்கொள்ளப் பலகையும் மட்டும். இப்படிப்பட்ட பழைய கூடங்களில் கைமரங்கள் இன்றைக்கும் புகைக்கறுப்பாக இருப்பதைப் பார்க்கலாமாம். புகைபோக்கி எல்லாம் 16ஆம் நூற்றாண்டுவாக்கில் பரவலாகி, பழைய வீடுகளுக்குள் செருகப்பட்டவை.

"குளிராதா?" என்று கேட்டாள் தங்கமணி.

"நிச்சயம் குளிர்ந்திருக்கும்" என்று சிரித்தார். "ஆனால் வீடு காய்ந்திருந்தது. இந்த வீட்டில் எல்லாமே ஈரத்தை வாங்கும், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும். மண், சுண்ணாம்பு, மரம், வைக்கோல், எல்லாம். இந்த மாதிரி வீடுகளைக் கெடுப்பது மழை இல்லை. விரிசலைப் பார்த்து பயந்துபோய் சிமென்ட் பூசுகிற நல்ல மனிதர்கள்தான். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளியே பார்க்கப் பளிச்சென்று இருக்கும். உள்ளே ஓக் சட்டம் உளுத்துக்கொண்டிருக்கும்."

நான் தங்கமணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. கல்யாணமான ஆட்களுக்கு அந்தப் பார்வையை நான் விளக்க வேண்டியதில்லை.

பாட்டியம்மா அதோடு விடவில்லை, வீட்டின் கதையையும் சொன்னார். 19ஆம் நூற்றாண்டில் இந்த வீடு ஏழைக் கூலிக்குடும்பங்கள் ஒண்டுகிற இடமாகி, கவனிப்பாரில்லாமல் சிதைந்துபோனது. இடித்துவிடலாம் என்று தேவாலய நிர்வாகம் முடிவே எடுத்துவிட்டது. கடைசியாகக் குடியிருந்த ஒரு மூதாட்டி, நான் இங்கேயே கண்ணை மூடிக்கொள்கிறேன், அதுவரை விடுங்கள் என்று கெஞ்சினார். விட்டார்கள். அவர் இறந்த பிறகு ஊருக்கு வந்த பாதிரியார் ஒருவருக்கு இடிக்க மனசு வரவில்லை. கதவு கதவாகத் தட்ட ஆரம்பித்தார்.

அந்தக் காலத்தில் இந்த மாதிரி விஷயத்துக்கு இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று, 1877இல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம். அப்போது பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று பூச்சைச் சுரண்டி, சிலுவையும் வளைவும் புதுசாக வைத்து, ஒரிஜினலை விட ஒரிஜினலாக மாற்றுவது ஃபேஷன். அதை எதிர்த்ததால் இந்தச் சங்கத்துக்குச் செல்லப்பெயரே "சுரண்டாதே சங்கம்". அவர்கள் கொள்கை எளிமையானது: பழசு மாதிரி நடிக்காதே, இருப்பதைப் பழுது பார், புதுசாக வைத்தால் புதுசு என்று தெரியட்டும்.

இன்னொன்று, 1895இல் ஆரம்பித்த நேஷனல் டிரஸ்ட். அதை நிறுவிய மூவரில் ஒருவர் ஆக்டேவியா ஹில். லண்டன் ஏழைகளுக்கு ஒழுங்கான வாடகை வீடு கிடைக்கவேண்டும் என்பதற்காக வாழ்க்கையைக் கொடுத்த அம்மையார். நேஷனல் டிரஸ்ட் 1896இல் இந்த வீட்டை வாங்கியது. விலை 10 பவுண்டு. இன்றைக்கு நாடு முழுக்கக் கோட்டையும் அரண்மனையும் வைத்திருக்கிற அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் எந்த மாளிகையும் இல்லை. கூரை பொத்துக்கொண்ட இந்தக் கிராமத்து வீடு. செப்பனிட ஆன செலவு விலையைப் போலப் பல மடங்கு. ஆல்ஃபிரட் பவல் என்கிற கட்டடக்கலைஞர், சங்கத்தின் வழிப்படி, உளுத்ததை மட்டும் மாற்றி, நிற்பதை நிற்கவிட்டு, வேலையைச் செய்தார். கூடத்தில் ஓர் உத்திரத்தில் ஓக் இலை செதுக்கியிருக்கிறது. நேஷனல் டிரஸ்டின் ஓக் இலைச் சின்னம் அதிலிருந்துதான் வந்திருக்கலாம் என்று ஒரு பேச்சு உண்டு.

எனக்கு அதில் உறுத்தியது 10 பவுண்டு இல்லை. இடிக்க நினைத்தவர்களும் கெட்டவர்கள் இல்லை, ஒழுகும் வீட்டைப் பார்த்து ஒழுகுகிறது என்று சொன்னவர்கள், அவ்வளவுதான். காப்பாற்றியவர்கள் செய்த ஒரே வித்தியாசமான காரியம், கை வைப்பதற்கு முன்னால் இந்த வீடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்ததுதான். புகை எதன் வழியே போகும், ஈரம் எதன் வழியே போகும், பாரம் எந்தத் தூண் வழியாக இறங்கும். அதைப் பார்த்த பிறகுதான் உளியை எடுத்தார்கள்.

நான் என்ன செய்தேன்? ஓட்டையைப் பார்த்தேன், அடைத்தேன். ஒருத்தன் செங்கல்லில் வேலை மெனக்கெட்டு ஓட்டை போட்டு, அதை வரிசையாகத் தரையை ஒட்டி வைத்திருக்கிறானே, எதுக்கு என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. நாலு வருஷம் எஞ்சினியரிங் படித்தவன். வேறு யாராவது எழுதிய நிரலில் விளங்காத ஒரு வரி இருந்தால் அழிக்காதே என்று ஜூனியர் பையன்களுக்கு வகுப்பெடுக்கிறவன்.

அன்றைக்கு ராத்திரி வந்து படித்துப் பார்த்தேன். தரையை ஒட்டிய ஓட்டைச் செங்கல், மரத்தரைக்கு அடியில் காற்று ஓடுவதற்கு. அதை அடைத்தால் தரையைத் தாங்கும் கட்டைகள் ஈரமாகி உளுத்துப்போகும். எங்கள் வீடு மாதிரிப் பழைய வீடுகளில் சுவர் நடுவே இடைவெளி கிடையாது, ஒரே கெட்டிச் செங்கல். குளிர் நேராக உள்ளே வரும். சமையல், குளியல், உள்ளேயே காயப்போடும் துணி, மூணு பேர் மூச்சு எல்லாம் சேர்ந்த ஆவி புகைபோக்கி வழியாகவும் ஜன்னல் இடுக்கு வழியாகவும் போய்க்கொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் அடைத்ததும் அது போக்கிடம் இல்லாமல் இருப்பதிலேயே குளிர்ந்த சுவரில், அலமாரிக்குப் பின்னால், போய் உட்கார்ந்தது. சுவர் கொஞ்சம் குடித்திருக்கும். குடிக்கவிடாமல் மேலே வினைல் பெயின்ட்.

சேமித்து வைத்திருந்த ஐந்தாவது கடிதத்தைத் திறந்து படித்தேன். நல்ல இங்கிலீஷ். என் வாழ்க்கையில் எழுதியதிலேயே நல்ல இங்கிலீஷ் அதுதான். அழித்தேன். புதுசாக ஒன்று எழுதினேன். என்னென்ன அடைத்தேன் என்று பட்டியல், மன்னிப்பு, நானே பிரித்துவிடுகிறேன் என்ற உறுதி. அனுப்பும் பொத்தானை அழுத்தக் கால் மணி நேரம் ஆனது. தப்பு செய்ததைக் கூடச் சொல்லிவிடலாம். நாலு மாசமாக அடுத்தவன் மேல் போட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்வதுதான் கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கத்தியும் கையுமாக நுரையைச் சுரண்டினேன் (மாரிஸ் மன்னிப்பாராக). தலையணையை வெளியே இழுத்தபோது அதற்குமேல் ஒரு காக்காய்க்கூடு குச்சிகளும் சேர்ந்து விழுந்தது. திங்கட்கிழமை வீட்டுக்காரர் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். தரைப்பலகை ஒன்றைத் தூக்கி, அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "தப்பித்தோம். கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றார். தப்பித்தோம் என்றுதான் சொன்னார், தப்பித்தீர்கள் என்று சொல்லவில்லை. அப்புறம் எனக்கு அவர் முகத்தைப் பார்க்க ரொம்ப நேரம் ஆனது.

வினைல் பெயின்டை உரித்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாயிற்று. பாப்பாவுக்கு இருமல் இப்போது இல்லை. வசந்தமும் சேர்ந்தே வந்துவிட்டது, அதனால் சுண்ணாம்புக்கு நான் பேர் வாங்கித்தரப் போவதில்லை. அடுத்த குளிர்காலம் வரட்டும், பார்க்கலாம்.

ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இடுக்கு வழியாக மெல்லிசாகக் காற்று வருகிறது. ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்.

பி.கு: ஆல்ஃபிரிஸ்டன் பக்கம் போனால் வாசலில் குனிந்து போங்கள். நெற்றி வீக்கம் இறங்க எனக்கு நாலு நாள் ஆனது. தங்கமணி சிரிப்பு இன்னும் இறங்கவில்லை.